ஒரே ஒரு நோயாளியை வைத்து என்ன சொல்ல முடியும்? (ஹார்மோன், எலும்பு, அபூர்வ கேஸ்கள்)

#1 இரவுப்பணி

சுரப்பியியல் மேற்படிப்பில் இரண்டாம் வருடம் நான். நேற்று துறைக் கூட்டத்தில் ஒரு கேஸ் வைத்தேன். பாதிகூடத் தாண்டவில்லை, மூத்தவர் ஒருவர் "ஒரே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு என்ன சொல்ல வருகிறாய்? ஆயிரம் பேரைக் காட்டு, கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ராத்திரி வார்டில் உட்கார்ந்திருக்கும்போதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த இழை.

முதலில் கேஸ். 41 வயதுப் பெண். மூன்று வருடமாக இடுப்பு, விலா, பாதம் என்று இடம் மாறி மாறி வலி. கீழே உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. நடை இரண்டு பக்கமும் ஆடுகிறது. வாத நோய் என்று ஒருவர், மனச்சோர்வு என்று இன்னொருவர். எல்லாரும் கால்சியம் பார்த்திருக்கிறார்கள், பாஸ்பேட்டை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்: 1.3. இருக்க வேண்டியது 2.5 முதல் 4.5 வரை. கால்சியம் 9.0. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 310, அதிகம். பாராதைராய்டு ஹார்மோன் கொஞ்சம் மேலே. வைட்டமின் டி 32, போதும். ரத்தத்தில் இவ்வளவு குறைவாக இருந்தும் சிறுநீரில் பாஸ்பேட் ஒழுகுகிறது. எக்ஸ்ரேயில் இரண்டு தொடை எலும்புக் கழுத்திலும் லூசர் கோடுகள், அதாவது இறுகாத எலும்பில் தெரியும் விரிசல் மாதிரியான கோடுகள். குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லை, சின்ன வயதில் கால் வளைவும் இல்லை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. பழைய ரத்தசோகை உண்டு, ஹீமோகுளோபின் இப்போது 11.2, பரவாயில்லை.

உடம்பில் எங்கோ ஒரு சின்னக் கட்டி ஒளிந்துகொண்டு பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றும் எஃப்ஜிஎஃப்-23 ஹார்மோனைக் கொட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு. கட்டி வழி ஆஸ்டியோமலேசியா, அதாவது எலும்பு இறுகாமல் மெத்தென்று ஆவது. ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பியாயிற்று, முடிவு வர நாளாகும். உண்மையைச் சொன்னால் கேஸ் அறிக்கைக்குத் தலைப்புகூட எழுதி வைத்துவிட்டேன்.

இப்போது கேள்வி. நம் துறையில் பாடப்புத்தகத்தையே மாற்றியவை ஒற்றை நோயாளிகள் இல்லையா? 1994-இல் கேஸ் அறிக்கையாக வெளிவந்த அந்த 28 வயது ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பு வயது 15. வளர்ச்சித் தட்டுகள் மூடவே இல்லை, போதாததற்கு எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) வேறு. டெஸ்டோஸ்டிரோன் சரியான அளவில்தான் இருந்தது. பழுது, பெண் ஹார்மோன் என்று நாம் சொல்லும் ஈஸ்ட்ரோஜனின் ஏற்பியில். அதுவரை ஆணின் எலும்பை முதிர வைப்பது ஆண் ஹார்மோன் என்றுதானே எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்? ஒரே ஆள், அந்த நம்பிக்கை போயிற்று.

#2 இடைவெளி_95

நான் மருத்துவர் அல்ல, மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்க்கிறவன். உங்கள் மூத்தவர் பேசிய விதம் தப்பு, கேட்ட கேள்வி தப்பில்லை.

204 செ.மீ. ஆள் நல்ல உதாரணம்தான். ஆனால் அந்தக் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய ஏற்பியே பழுது, எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தும் பலனில்லை. அப்படியானால் ஈஸ்ட்ரோஜன்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அந்தப் பழுதோடு வேறு ஏதாவது சேர்ந்து வந்திருக்கலாமே. முடிச்சு அவிழ்ந்தது 1997-இல், வேறொரு ஆளிடம். 38 வயது. அவர் உடம்பில் ஏற்பி சரியாக இருந்தது, ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும் அரோமடேஸ் நொதி இல்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள், எலும்பு அசையவில்லை. எஸ்ட்ரடையால் கொடுத்தார்கள், தட்டுகள் மூடின, எலும்பு அடர்த்தி ஏறியது. ஒரே ஆளிடம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, பிறகு இன்னொன்றைக் கொடுத்துப் பார்த்தது. அது கிட்டத்தட்ட ஒரு சோதனை. எனக்கு அந்த இரண்டாவது ஆள்தான் முக்கியம்.

#3 குப்பி_அக்கா

தம்பி, உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருபது வருடமாகக் குப்பி கழுவுகிறேன். சண்டையை நீங்கள் போடுங்கள், எனக்கு எண்கள் வேண்டும்.

1. பாஸ்பேட் 1.3 வெறும் வயிற்றில் எடுத்ததா? சாப்பிட்ட பிறகு பாஸ்பேட் இறங்கும், சர்க்கரை ஏற்றிக்கொண்டிருந்தால் நன்றாகவே இறங்கும்.
2. ஒருமுறைதானா, இரண்டு மூன்று முறை பார்த்தீர்களா?
3. பயோட்டின் சாப்பிடுகிறாரா? முடி வளர, நகம் வளர என்று பலர் சாப்பிடுகிறார்கள், அதை மருந்தாகவே நினைப்பதில்லை. பாராதைராய்டு ஹார்மோன் மாதிரி சாண்ட்விச் முறையில் அளக்கும் பரிசோதனைகளில் பயோட்டின் இருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து வரலாம். போட்டி முறையில் அளப்பவற்றில் பொய்யாகக் கூடி வரும். தைராய்டில் டிஎஸ்எச் கீழே, டி4 மேலே என்று வந்து, இல்லாத கிரேவ்ஸ் நோய்க்கு (தைராய்டு அதிகமாகச் சுரப்பது) மருந்து எழுதிய கதைகள் அச்சிலேயே இருக்கின்றன.

"மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட கேள்வியின் வார்த்தை என்ன?

#4 இரவுப்பணி

அக்கா, வெறும் வயிற்றில்தான், மூன்று முறை: 1.3, 1.5, 1.3. பயோட்டின் இல்லை என்றார். கேள்வி... "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்றுதான் கேட்டேன். டெனோபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைப் பற்றித் தனியாகக் கேட்டுவிட்டேன், அது சிறுநீரகக் குழாய்களைப் பாதித்துப் பாஸ்பேட்டை ஒழுக விடும் என்பதால். சிறுநீரில் சர்க்கரையும் இல்லை, பைகார்பனேட்டும் சரி, அதனால் சிறுநீரகக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒழுக விடும் ஃபான்கோனி மாதிரி தெரியவில்லை.

#5 தமிழ்ச்சொல்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஆஸ்டியோபோரோசிஸ், ஆஸ்டியோமலேசியா இரண்டுக்கும் 'எலும்புத் தேய்மானம்' என்றே பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். முழங்கால் மூட்டுவலிக்கும் அதே சொல். துறைக்காரர்கள் என்ன சொல்வீர்கள்?

#6 ஆணி_பிளேட்டு

எலும்பு அறுவை மருத்துவன். தமிழ்ச்சொல் ஐயா, ஓபிடியில் நாங்களும் 'தேய்மானம்' என்றே சொல்லித் தொலைக்கிறோம், வெட்கமாகத்தான் இருக்கிறது. எலும்புப்புரை என்றால் செங்கல் குறைந்துபோன சுவர், ஆனால் இருக்கிற செங்கல் நல்ல செங்கல். ஆஸ்டியோமலேசியா என்றால் சுவர் எழுப்பியாயிற்று, சிமெண்டு இறுகவில்லை. அடர்த்தி ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரி குறைவாகத் தெரியும். அங்கேதான் தப்பு நடக்கிறது. சிமெண்டு இறுகாத எலும்புக்கு எலும்புப்புரை ஊசியைப் போட்டால் இன்னும் மோசமாகும்.

நானே செய்த தப்பு ஒன்று. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, பாத எலும்பில் திரும்பத் திரும்ப விரிசல், ஆறவே இல்லை. அடர்த்தி குறைவு என்று எலும்புப்புரை மருந்தான பிஸ்பாஸ்போனேட் எழுதினேன். ஒன்றரை வருடத்தில் தொடை எலும்பில் குறுக்குவாட்டில் முறிவு, பெரிய அடி எதுவும் படாமல். உள்ளே ஆணி அடித்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் நான்கு வருடமும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் 20, 18, 22, 19. ஒவ்வொன்றும் குறைவு. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. கூடினால் கண்ணில் படும், குறைந்தால் யாருக்கு உறைக்கிறது? ஹைப்போபாஸ்பட்டேசியா, அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் நோய். பால்பற்கள் வேரோடு சீக்கிரமே விழுந்தனவா என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "ஆமாம் டாக்டர், நாலு வயசுலயே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். கண்டுபிடித்தேனாம்!

அந்த நோயை 1948-லேயே ராத்பன் எழுதிவிட்டார். நொதியைப் பதிலீடு செய்யும் அஸ்ஃபோடேஸ் ஆல்ஃபா 2015-இல் வந்தது. நடுவில் இத்தனை வருடம், நான் படித்த வருடங்களும் அதில் அடக்கம்.

#7 குப்பி_அக்கா

ஆணி டாக்டர், எங்கள் ஆய்வகத்தில் குறைந்த அல்கலைன் பாஸ்பட்டேஸுக்குச் சிவப்பு எழுத்து வரும்படி மாற்றச் சொல்லி மூன்று வருடம் போராடினேன். "குறைந்தால் என்ன ஆபத்து மேடம்?" என்று கேட்டார்கள். இந்தப் பதிவை அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டலாமா?

#8 ஆணி_பிளேட்டு

காட்டுங்கள். பெயர் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டாம்.

#9 மாடிப்படி

வணக்கம். இங்கே நான் ஒருத்தன்தான் நோயாளி போலிருக்கிறது. இரவுப்பணி டாக்டர் சொன்ன அதே நோய் எனக்கு இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

தொடக்கம் குதிகால் வலி. செருப்பை மாற்றச் சொன்னார்கள். பிறகு விலா. தும்மினால் உயிர் போகும். தும்மல் வருகிற மாதிரி இருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சை விட்டு அதை அடக்கப் பழகிக்கொண்டேன். அலுவலகத்துக்கு இரண்டு மாடி. முதல் வருடம் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். இரண்டாம் வருடம் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினேன். மூன்றாம் வருடம் உட்கார்ந்து, பின்பக்கமாக, கையால் தள்ளித் தள்ளி. உயரம் நான்கு செ.மீ. குறைந்துவிட்டது, கால்சட்டை தரையைத் தொட ஆரம்பித்த பிறகுதான் அதையே கவனித்தேன்.

முதுகெலும்பு வாதம் என்று இரண்டு வருடம் மருந்து. பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர் அவர், அரை மணி நேரம் பேசிவிட்டு "உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்ல, எலும்புலதான் ஏதோ இருக்கு, திரும்பப் போங்க" என்றார். அவரால்தான் நான் இன்று நடக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் ஒரு சுரப்பியியல் மருத்துவர் என்னைக் காலுறையைக் கழற்றச் சொன்னார். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, கடலை அளவில் ஒரு முண்டு. அது எனக்குப் பல வருடமாகத் தெரியும். காய்ப்பு என்று நினைத்திருந்தேன். பாஸ்பேட் 1.1. காலியம் டோட்டாடேட் ஸ்கேனில் அந்த இடம் மட்டும் விளக்கு போட்ட மாதிரி ஒளிர்ந்தது. வெட்டி எடுத்தார்கள். நான்காம் நாள் பாஸ்பேட் 2.6.

#10 இரவுப்பணி

மாடிப்படி சார், படித்து முடித்து இரண்டு நிமிடம் எதுவும் தட்டச்ச முடியவில்லை. வலி உடனே போய்விட்டதா?

#11 மாடிப்படி

இல்லை. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எண் நான்கு நாளில் சரியாகிவிட்டது, எலும்புக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. இறுகாமல் கிடந்ததெல்லாம் இறுக வேண்டுமே. அந்த மாதங்களில் சில இடங்களில் வலி கூடக்கூடச் செய்தது. உங்கள் நோயாளிக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

அப்புறம், அவரைக் காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள்.

#12 இடைவெளி_95

மாடிப்படி சார், நன்றி. உங்கள் நோயின் வரலாற்றிலேயே என் பக்கத்து வாதத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது.

1947-இல் மெக்கான்ஸ் ஒரு இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். கடும் ஆஸ்டியோமலேசியா. வைட்டமின் டி-யை அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள், தொடை எலும்பிலிருந்த ஒரு கட்டியையும் எடுத்தார்கள். குணமானார். கட்டுரையின் தலைப்பே வைட்டமின் டி-க்கு உடல் எதிர்ப்பைப் பற்றியதுதான். கட்டி ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. 1959-இல் பிராடர் 11 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். ரிக்கெட்ஸ் (குழந்தைகளுக்கு வரும் ஆஸ்டியோமலேசியா), விலா எலும்பில் கட்டி. எடுத்ததும் ரிக்கெட்ஸ் போயிற்று. கட்டியிலிருந்து ஏதோ சுரக்கிறது என்று அவர்தான் ஊகித்தார். அந்த 'ஏதோ'வுக்கு எஃப்ஜிஎஃப்-23 என்று பெயர் கிடைக்க 2000 ஆக வேண்டியிருந்தது. அதைத் தடுக்கும் புரோசுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2018-இல் பரம்பரையாக வரும் இதே மாதிரியான பாஸ்பேட் குறைவு நோய்க்கும், 2020-இல் எடுக்க முடியாத கட்டிகளுக்கும் அனுமதி கிடைத்தது.

பன்னிரண்டு வருட இடைவெளியில் ஒரே மாதிரி இரண்டு நோயாளிகள். முதல் தடவை இரண்டு சிகிச்சையையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள், பதில் கையில் இருந்தும் நழுவியது. அதனால் இரவுப்பணி, அறிக்கை எழுதுவதை நான் தடுக்கவில்லை. நோயாளி என்ன சொன்னார், எதை எப்போது கொடுத்தீர்கள், எதை நிறுத்தினீர்கள் என்று தேதிவாரியாக எழுதுங்கள். தலைப்பைக் கடைசியில் வையுங்கள்.

#13 ஆணி_பிளேட்டு

கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல்லை யாரும் இன்னும் சொல்லவில்லையே! எலும்பு நொறுங்கி நொறுங்கி 18 செ.மீ. உயரம் குறைந்தவர். எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும் பாராதைராய்டு கட்டி என்று 1926-லேயே தெரியும். கழுத்தைத் திறந்தார்கள், இல்லை. மறுபடி திறந்தார்கள், இல்லை. ஆறு அறுவை. 1932-இல் ஏழாவது தடவை மார்புக்கூட்டைத் திறந்தபோது அங்கே இருந்தது. அந்தக் கட்டி எங்கே இறங்கியிருக்கலாம் என்று அவரே உடற்கூற்றைப் படித்துவிட்டு, அங்கே தேடுங்கள் என்று வற்புறுத்தியதாகச் சொல்வார்கள். சில வாரங்களில் சிறுநீரகக் கல் தொல்லையால் இறந்துபோனார்.

கழுத்தைத் திறக்கிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஒற்றை நோயாளிதான் அவரும்.

#14 இரவுப்பணி

இடைவெளி சார், சரி, கலப்பது ஆபத்து என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலும்பு அளவுக்கு மீறித் தடிக்கும் ஸ்கிலிரோஸ்டியோசிஸை எங்கே வைப்பீர்கள்? பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) குடும்பங்கள் சிலவற்றில் வருவது. எலும்பு முறியவே முறியாது, தண்ணீரில் மிதப்பதுகூடச் சிரமம், அவ்வளவு கனம். கூடவே மண்டை ஓடு தடித்து நரம்புகளை நெரிக்கும், முகவாதம் வரும், காது போகும். 2001-இல் அந்தக் குடும்பங்களில் எஸ்ஓஎஸ்டி மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது தயாரிக்கும் ஸ்கிலிரோஸ்டின் என்ற புரதம் எலும்பு கட்டுவதற்குப் பிரேக் போடுகிறது. அந்தப் பிரேக்கைத் தளர்த்தும் ஊசிதான் ரோமோசோசுமாப், 2019-இல் கைக்கு வந்தது. கையளவு குடும்பங்கள், இன்று உலகம் முழுக்க எலும்புப்புரைக்கு மருந்து!

#15 இடைவெளி_95

இந்தப் பந்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே மாதிரி இன்னொரு கதை. பிக்னோடிசோஸ்டோசிஸ். குள்ளமான உடல், அடர்த்தியான எலும்பு. கேதெப்சின் கே என்ற நொதி இல்லாததால் எலும்பு கரைவதில்லை என்று 1996-இல் தெரிந்தது. சரி, அந்த நொதியைத் தடுத்தால் எலும்புப்புரைக்கு மருந்து ஆயிற்றே. ஒடனகாடிப். 16,071 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். முதுகெலும்பு முறிவு பாதிக்கு மேல் குறைந்தது, இடுப்பு முறிவும் கிட்டத்தட்ட பாதி. கொண்டாடியிருக்க வேண்டியது. பக்கவாதம் கூடியது. 2016-இல் மருந்தையே கைவிட்டார்கள்.

இரண்டு கதையும் தொடங்குவது ஒரே மாதிரிதான்: அபூர்வ நோயாளி, மரபணு, மருந்து. முடிவு எப்படி இருக்கும் என்று அந்த அபூர்வ நோயாளியைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியுமா? நொதி இல்லாமலேயே பிறந்த ஒருவர் உடம்பு வேறு. எழுபது வயதில், ஏற்கெனவே தடித்த ரத்தக் குழாய்களோடு அந்த நொதியைத் தடுக்கிற உடம்பு வேறு.

ரோமோசோசுமாபும் தப்பித்ததே தவிர கறை படாமல் இல்லை. 7,180 பெண்களை வைத்த முதல் பெரிய சோதனையில் ஒரு வருடத்தில் புதிய முதுகெலும்பு முறிவு 73 சதவீதம் குறைந்தது என்பார்கள். சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் 100-க்கு 1.8 பேர் என்றிருந்தது 0.5 ஆயிற்று. நல்ல பலன்தான், 73 என்று கேட்டதும் மனதில் எழுகிற அளவுக்கு இல்லை. அடுத்த சோதனையில் 4,093 பேர், அலெண்ட்ரோனேட் என்ற பிஸ்பாஸ்போனேட்டோடு ஒப்பிட்டார்கள். முதல் வருடத்தில் தீவிர இதய, ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள் 2.5 சதவீதம், அலெண்ட்ரோனேட்டில் 1.9. அமெரிக்காவில் கறுப்புக் கட்ட எச்சரிக்கையோடுதான் (மருந்துச் சீட்டில் இடுகிற மிகக் கடுமையான எச்சரிக்கை) அனுமதி கிடைத்தது. இந்த வித்தியாசத்தை நோயாளிக்கு நோயாளி பார்த்து எந்த மருத்துவராலும் உணர முடியாது. ஆயிரக்கணக்கில் எண்ணினால்தான் தெரியும்.

#16 புதுசு_நான்

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பைப் பார்த்து வந்தேன். அம்மாவுக்கு 72 வயது. எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி, மூன்று வருடமாகப் போட்டோம். பல் பிடுங்க வேண்டியிருந்தது, ஊசியை நிறுத்தச் சொல்லிப் பல் மருத்துவர் சொன்னார். கடைசி ஊசி போட்டு இப்போது ஏழு மாதம். அம்மாவும் ஊசி போதும் என்கிறார். நிறுத்திவிடலாம்தானே?

#17 ஆணி_பிளேட்டு

இதற்கு உடனே பதில். நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்றே ஊசி எழுதிய மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பிஸ்பாஸ்போனேட் எலும்பில் படிந்து வருடக்கணக்கில் தங்கும். டெனோசுமாப் அப்படித் தங்காது. வேளை தப்பினால் அதுவரை அடக்கிவைத்திருந்த எலும்புக் கரைப்பு மொத்தமும் சேர்த்து வைத்துப் பாயும், தொடங்கியபோது இருந்ததைவிட வேகமாக. சிலருக்கு அந்த மாதங்களில் முதுகெலும்பில் ஒன்றல்ல, மூன்று நான்கு கட்டைகள் அடுத்தடுத்து நொறுங்கியிருக்கின்றன. நிறுத்தவே கூடாது என்று இல்லை, நிறுத்தினால் அந்த இடத்தில் வேறு மருந்து வைக்க வேண்டும். ஊசியா, மாற்று மருந்தா, பல்லை எப்போது பிடுங்குவது என்பதை இரண்டு மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். அம்மாவுக்குத் திடீரென்று முதுகுவலி வந்ததா?

#18 புதுசு_நான்

இல்லை டாக்டர். போன் செய்துவிட்டேன், நாளைக்கு வரச் சொன்னார்கள். இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

#19 இடைவெளி_95

கவனித்தீர்களா? டெனோசுமாபின் பெரிய சோதனையில் 7,868 பெண்கள், 2009. மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அது அருமையாகப் பதில் சொன்னது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அங்கே கேட்கப்பட்ட கேள்வியே அல்ல. அது வெளியே தெரிய வந்தது, "என் நோயாளிக்கு நிறுத்தியதும் நான்கு கட்டை நொறுங்கியது" என்று தனித்தனி மருத்துவர்கள் எழுத ஆரம்பித்த பிறகு. அதற்கப்புறம்தான் பழைய தரவைத் திரும்பத் தோண்டினார்கள்.

இரவுப்பணி, இந்தப் புள்ளி உங்களுக்கு.

#20 குப்பி_அக்கா

அபூர்வம் என்றதும் மரபணுவையே பேசுகிறீர்கள். 2013-இல் வந்த அந்தத் தேநீர்ப் பெண்மணி? 47 வயது, அமெரிக்கா. பதினேழு வருடமாகத் தினமும் 100 முதல் 150 தேநீர்ப் பைகளை ஒரு குடுவையில் போட்டுக் குடித்திருக்கிறார். முதுகு, கை, கால் எல்லாம் வலி, எக்ஸ்ரேயில் எலும்பு சுண்ணாம்பு மாதிரி அடர்த்தி. ஃபுளோரைடு நச்சு. மரபணுவும் இல்லை, கட்டியும் இல்லை. "என்ன குடிக்கிறீங்க, எவ்வளவு குடிக்கிறீங்க" என்று கேட்டதில் வந்த விடை.

தம்பி இரவுப்பணி, அதனால்தான் உன் கேள்வியின் வார்த்தையைக் கேட்டேன். ரத்தசோகை பழசு, இப்போது 11.2 என்று எழுதியிருக்கிறாய். எப்படி 11.2 ஆயிற்று? மாத்திரை எதுவும் சாப்பிடாதவருக்கு?

#21 இரவுப்பணி

ஐயோ.

#22 குப்பி_அக்கா

போய்க் கேட்டுவிட்டு வா.

#23 தமிழ்ச்சொல்

எனக்குப் புரியவில்லை. ரத்தசோகைக்கும் பாஸ்பேட்டுக்கும் என்ன தொடர்பு?

#24 குப்பி_அக்கா

சொல்கிறேன் ஐயா. இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு எஃப்ஜிஎஃப்-23-ஐக் கூடுதலாகத் தயாரிக்கும், ஆனால் அதை உடனே வெட்டியும் போட்டுவிடும். அதனால் தொல்லை இல்லை. நரம்பு வழியாக ஏற்றுகிற இரும்பில் பெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்று ஒரு வகை இருக்கிறது. அதை ஏற்றினால் அந்த வெட்டுகிற வேலை தடைப்படும். வெட்டுப்படாத முழு ஹார்மோன் ரத்தத்தில் சேர்ந்து, சிறுநீரகத்திடம் பாஸ்பேட்டை வெளியே தள்ளச் சொல்லும். ஒருமுறை ஏற்றினால் சில வாரங்களில் தானாகச் சரியாகும், பெரும்பாலும் யாரும் கவனிப்பதுகூட இல்லை. மாதவிடாய்ப் போக்கு அதிகம், குடல் அழற்சி என்று திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்பவர்களுக்குப் பாஸ்பேட் எழுந்திருக்கவே நேரமில்லாமல் எலும்பு மெத்தென்று ஆகிவிடும். பரிசோதனையில் அச்சு அசல் மாடிப்படி தம்பியின் நோய் மாதிரியே இருக்கும். எஃப்ஜிஎஃப்-23-உம் கூடித்தான் வரும்.

#25 இடைவெளி_95

இதற்கு எண் என்னிடம் இருக்கிறது. முதலில் தனித்தனி கேஸ் அறிக்கைகளாகத்தான் வந்தது. 2020-இல் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டு இரும்பு மருந்துகளை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள், ஒரே மாதிரியான இரண்டு சோதனைகள். பாஸ்பேட் 2.0-க்குக் கீழே போனவர்கள் கார்பாக்ஸிமால்டோஸில் 75 சதவீதம், 74 சதவீதம். டெரைசோமால்டோஸ் என்ற மற்ற வகையில் இரண்டிலும் 8 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்துப் புள்ளியியல்காரனுக்கு வேலையே இல்லை.

#26 ஆணி_பிளேட்டு

காத்திருக்கும் நேரத்தில் ஒரு விஷயம். அறிக்கை எழுதினால் நோயாளியின் சம்மதத்தை ஒழுங்காக வாங்குங்கள். பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நம் துறையில் உயரம், முகம், நடை எல்லாமே அடையாளம்.

சார்லஸ் பைர்ன் கதை தெரியும்தானே? 1783-இல் 22 வயதில் இறந்த அயர்லாந்து ராட்சதர். தன்னை அறுத்துப் பார்ப்பார்கள் என்று பயந்து, உடலைக் கடலில் போட்டுவிடச் சொல்லியிருந்தார். அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் எப்படியோ உடலை வாங்கி எலும்புக்கூட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார். 1909-இல் மண்டை ஓட்டைத் திறந்து பார்த்து பிட்யூட்டரிக் கட்டி என்றார்கள். 2011-இல் பல்லிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஏஐபி மரபணுப் பிறழ்வைக் கண்டுபிடித்தார்கள், இன்று உயிரோடிருக்கும் குடும்பங்கள் சிலவற்றில் இருக்கிற அதே பிறழ்வு. அறிவியலுக்கு லாபம்தான். பெட்டியை விட்டு அவரை எடுக்க 2023 ஆயிற்று. அந்த எலும்புக்கூட்டின் படத்தைப் பாடத்தில் பார்த்து நானும் வியந்திருக்கிறேன். அவர் என்ன கேட்டிருந்தார் என்று அந்தப் பக்கத்தில் இல்லை.

#27 மாடிப்படி

என் உள்ளங்கால் படம் ஒரு மருத்துவ இதழில் இருக்கிறது. என்னைக் கேட்டார்கள். நானே சொன்னேன், முண்டு தெளிவாகத் தெரிகிற படமாகப் போடுங்கள் என்று.

#28 இரவுப்பணி

கேட்டுவிட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், அவர் நேற்றுதான் வந்தார்.

"ஊசி, டிரிப்ஸ் ஏதாவது போட்டுக்கொண்டீர்களா?" என்று கேட்டேன். "ஆமா, ரத்தம் ஏறறதுக்கு டிரிப்ஸ் போடுவாங்களே, அது. நீங்க மாத்திரைதானே கேட்டீங்க?" என்றார். மாதவிடாய்ப் போக்குக்காக வேறொரு துறையில், மூன்றரை வருடத்தில் ஒன்பது தடவை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டு எடுத்தார். ஒவ்வொரு டிரிப்ஸுக்கும் தேதி, மருந்து ஸ்டிக்கர் கிழித்து ஒட்டியிருக்கிறார். கார்பாக்ஸிமால்டோஸ். முதல் ஸ்டிக்கருக்கும் முதல் பாதவலிக்கும் நடுவில் ஐந்து மாதம்.

இடைவெளி சார் தேதிவாரியாக எழுதச் சொன்னதை அந்த அம்மா எனக்கு முன்பே செய்து வைத்திருக்கிறார்.

எஃப்ஜிஎஃப்-23 முடிவும் வந்தது, உயர்வு. இந்த நோட்டைப் பார்க்காமல் அந்தத் தாளை மட்டும் பார்த்திருந்தால் நேராக ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். ஸ்கேன் இப்போதைக்குத் தள்ளிவைப்பு. அந்த இரும்பை நிறுத்தி வேறு வகைக்கு மாற்றியாயிற்று, மகப்பேறு துறையோடு பேசி ரத்தப்போக்குக்கும் வழி பார்க்கிறார்கள். எலும்பு இறுக நாளாகும் என்று மாடிப்படி சார் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். மூன்று மாதத்தில் பாஸ்பேட் எழவில்லை என்றால் கட்டியைத் தேடுவோம்.

காலுறையையும் கழற்றச் சொன்னேன். ஒன்றும் இல்லை.

#29 குப்பி_அக்கா

கால்சிட்ரியால் (செயல்படும் வடிவ வைட்டமின் டி) தொடங்கியிருந்தால் சிறுநீரில் கால்சியத்தையும் பார். அடுத்த பாஸ்பேட் எப்போது?

#30 இரவுப்பணி

செவ்வாய்க்கிழமை, வெறும் வயிற்றில். தலைப்பை அழித்துவிட்டேன் அக்கா.